நண்பகல் சலிப்பும் ஊர் நினைப்பும்: பாலைவனத் துறவிகள் சொன்ன எட்டு எண்ணங்கள்

ஞானோபதேச வகுப்புக்குப் போய் வளர்ந்த தமிழர்களிடம் "தலையான பாவங்கள் எத்தனை?" என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமலே "ஏழு" என்பார்கள். அகங்காரம், லோபித்தனம், மோகம், கோபம், போசனப்பிரியம், காய்மகாரம், சோம்பல். காய்மகாரம் என்பது பொறாமைக்குப் பழைய கிறிஸ்தவத் தமிழில் வழங்கிய பெயர். மற்ற சமயத்தாருக்கும் இந்த ஏழு அறவே தெரியாததல்ல. 1995-இல் வந்த 'செவன்' என்ற ஹாலிவுட் படத்தின் கதையே இதை வைத்துத்தான்.

ஆனால் இந்தப் பட்டியல் பிறந்தபோது அதில் இருந்தவை எட்டு. அவற்றுக்கு அப்போது பாவங்கள் என்று பெயரும் இல்லை. 'எண்ணங்கள்' என்றுதான் பெயர். இது வெறும் கணக்கு வித்தியாசம் இல்லை. பாவம் என்றால் செய்தபின் வருந்த வேண்டியது. எண்ணம் என்றால் செய்வதற்கு முன்பே பார்த்துப் பிடிக்கக்கூடியது. ஏறக்குறைய 1600 வருடங்களுக்கு முன் எகிப்தின் பாலைவனத்தில் இருந்த துறவிகள் நமக்குத் தருவது இந்த இரண்டாவது பாடம். ஆபீஸ், ஈ.எம்.ஐ., பிள்ளைகளின் படிப்பு, ஓயாமல் மணியடிக்கும் கைபேசி என்று வாழும் நம் குடும்பங்களுக்கு, அதுவும் ஊரை விட்டு வந்து வாழும் குடும்பங்களுக்கு, அது எப்படிப் பயன்படும் என்பதை இங்கே பார்ப்போம்.

பட்டியல் பிறந்த இடம்

கி.பி. 313-இல் ரோமப் பேரரசில் கிறிஸ்தவர்களுக்கு வழிபாட்டுச் சுதந்திரம் கிடைத்தது. துன்புறுத்தல் ஓய்ந்து, சமயத்துக்கு அரச மரியாதையும் வந்து சேர்ந்தது. அந்தச் சொகுசு வேண்டாம் என்று சிலர் எகிப்தின் வனாந்தரங்களுக்குப் போனார்கள். அந்த வழியை முன்பே தொடங்கி வைத்தவர்களில் முதன்மையானவர் அந்தோணியார். 356-இல் மறைந்தவர். நம் ஊர்ப்பக்கம் 'வனத்து அந்தோணியார்' என்று கோயில் கட்டிக் கும்பிடுவது இவரைத்தான். பதுவை அந்தோணியார் பல நூற்றாண்டு பிந்தியவர்.

அலெக்சாந்திரியா நகருக்குத் தெற்கே நித்ரியா, கெல்லியா என்று துறவிகளின் குடியிருப்புகள் வளர்ந்தன. கெல்லியா என்றால் கிரேக்கத்தில் 'சிற்றறைகள்'. ஆளுக்கு ஓர் அறை. பனையோலையில் கூடை முடைவார்கள், கயிறு திரிப்பார்கள், ஜெபம் செய்வார்கள். பகல் மூன்று மணி வாக்கில் ஒருவேளைச் சாப்பாடு. சனி, ஞாயிறில் மட்டும் எல்லோரும் ஓரிடத்தில் கூடுவார்கள்.

அங்கே வந்து சேர்ந்தவர்களில் ஒருவர் எவாக்ரியுஸ். கருங்கடலுக்குத் தெற்கே, இன்றைய துருக்கியில் அடங்கும் பொந்து நாட்டில், சுமார் 345-இல் பிறந்தவர். பெரிய படிப்பாளி, நல்ல பேச்சாளர். தலைநகரான கான்ஸ்டாண்டிநோபிளில் பெயரும் புகழுமாக இருந்தார். அப்போது ஓர் உயர் அதிகாரியின் மனைவி மீது மனம் போயிற்று. விவகாரம் முற்றுவதற்குள் கப்பலேறி எருசலேமுக்குப் போனார். அங்கே மூத்த மெலானியா என்ற அம்மையார் அவரைத் தேற்றி வழிகாட்ட, சுமார் 383-இல் எகிப்துக்குப் போய்ச் சேர்ந்தார். நித்ரியாவில் இரண்டு வருடம், கெல்லியாவில் பதினான்கு வருடம். புத்தகங்களைப் பிரதி எடுத்துக் கொடுத்து வயிற்றைக் கழுவினார். 399-இல் அங்கேயே காலமானார். பிறந்த ஊருக்குத் திரும்பவே இல்லை. ஒருவகையில் அவரும் நம்மைப்போல ஊர்விட்டு ஊர் வந்தவர்தான்.

வனத்துப் பெரியவர்களிடம் கேட்டதையும், தன் மனதில் தானே பார்த்ததையும் சேர்த்து எட்டு எண்ணங்களாக அவர் வகுத்தார்: உணவாசை, காமம், பணத்தாசை, துயரம், கோபம், சலிப்பு, வீண்பெருமை, அகந்தை. அவருடைய வழியில் வந்த யோவான் காசியன் சுமார் 415-இல் இன்றைய பிரான்சின் மார்செய் நகரில் மடம் நிறுவி, இதை லத்தீனில் எழுதிப் பரப்பினார். பிற்பாடு, 590 முதல் 604 வரை போப்பாண்டவராக இருந்த பெரிய கிரகோரியார் பட்டியலை மாற்றினார். அகந்தையை எல்லாவற்றுக்கும் வேராகத் தனியே வைத்தார். சலிப்பைத் துயரத்தோடு சேர்த்தார். பொறாமையைப் புதிதாக நுழைத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய ஏழு. இந்த மாற்றத்தில் சலிப்பு தன் இடத்தை இழந்து, காலப்போக்கில் வெறும் 'சோம்பல்' ஆகிவிட்டது. நமக்கு அதிகம் தேவைப்படுகிற எண்ணம் அதுதான் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

எவாக்ரியுஸின் தத்துவக் கருத்துகள் சில பின்னாளில் கண்டனத்துக்கு உள்ளாயின. 553-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கூடிய பொதுச்சங்கத்தை ஒட்டி அவர் பெயர் தள்ளிவைக்கப்பட்டது. ஆனாலும் மனப்பயிற்சி பற்றி அவர் எழுதியதை யாரும் விடத் தயாராக இல்லை. சில நூல்கள் வேறொருவர் பெயரில் உலவின. சில சுரியானி மொழிபெயர்ப்பில் பிழைத்தன. நம் பக்கத்து மாநிலமான கேரளத்தின் தோமையார் கிறிஸ்தவர்கள் நூற்றாண்டுகளாக வழிபாட்டில் பயன்படுத்தி வந்தது அதே சுரியானி மொழிதான்.

வருவதும் தங்குவதும்

எவாக்ரியுஸ் போதனையின் உயிர்நாடி ஒரே வாக்கியத்தில் அடங்கும். எண்ணங்கள் வந்து நம்மைத் தொந்தரவு செய்வதும் செய்யாததும் நம் கையில் இல்லை. வந்த எண்ணத்தை உள்ளே தங்கவிடுவதும் விடாததும் நம் கையில் இருக்கிறது.

வாசலில் யார் வந்து நின்றாலும் அது நம் குற்றம் இல்லை. கூப்பிட்டு உட்கார வைத்துக் காபி கொடுத்தால்தான் அவர் விருந்தாளி. இதை உணர்ந்தால் பாதிக் குற்ற உணர்ச்சி போய்விடும். "எனக்குப் போய் இப்படி ஒரு நினைப்பு வருதே, நான் மோசமானவனோ?" என்று புழுங்குகிறவர் பலர். வனத்துப் பெரியவர்கள் அவர்களிடம், "வரும், எல்லோருக்கும் வரும். வந்தவுடன் என்ன செய்கிறாய், அதைச் சொல்" என்றுதான் கேட்டிருப்பார்கள்.

அதனால் அவர் சொல்லும் முதல் பயிற்சி கவனிப்பது. எந்த எண்ணம் எப்போது வருகிறது? எவ்வளவு நேரம் நிற்கிறது? எதன் பின்னால் எது வருகிறது? ஒரு வைத்தியர் காய்ச்சலைக் குறித்து வைப்பதுபோல இதைக் குறித்துக்கொள்ளச் சொல்கிறார். திருக்குறளிலும் வெகுளாமை, அவா அறுத்தல், மடி இன்மை என்று தனித்தனி அதிகாரங்கள் இருப்பதை நாம் அறிவோம். வள்ளுவர் குணங்களைத் தனித்தனியே எடுத்து ஆராய்கிறார். எவாக்ரியுஸ் ஒன்றிலிருந்து இன்னொன்று கிளைக்கும் வரிசையையும் நேரத்தையும் சேர்த்துப் பார்க்கிறார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் இரண்டுமே இன்னும் நன்றாக விளங்கும்.

நண்பகல் சலிப்பு

எட்டிலும் கடுமையானது என்று அவர் சொன்னது காமமும் கோபமும் அல்ல, சலிப்பு. கிரேக்கத்தில் 'அக்கேதியா'. அக்கறை அற்றுப்போதல் என்பது சொல்லின் பொருள். 91-ஆம் சங்கீதத்தின் கிரேக்க மொழிபெயர்ப்பில் வரும் 'நண்பகல் பேய்' என்ற பெயரையும் இதற்கு வைத்தார்கள். காலை பத்து மணி வாக்கில் தொடங்கி, மதியம் இரண்டு மணி வரை பிடித்து ஆட்டுமாம்.

அவர் தரும் அடையாளங்களைப் பாருங்கள். சூரியன் நகராததுபோல இருக்கும். பகல் ஐம்பது மணி நேரம் நீண்டுவிட்டதோ என்று தோன்றும். துறவி அடிக்கடி ஜன்னலைப் பார்ப்பார். சாப்பாட்டு நேரம் ஆயிற்றா என்று வெளியே வந்து சூரியனைப் பார்ப்பார். யாராவது பேச்சுத் துணைக்கு வருகிறார்களா என்று தேடுவார். இருக்கும் இடம் பிடிக்காது, செய்யும் வேலை பிடிக்காது. இங்கே யாருக்கும் யார்மீதும் பாசமே இல்லை என்று தோன்றும். அண்மையில் யாராவது மனம் நோகப் பேசியிருந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். இன்னொரு ஊருக்குப் போனால் சுலபமாகப் பிழைக்கலாம், வருமானமும் நன்றாக இருக்கும் என்று தோன்றும். கடைசியில் விட்டு வந்த உறவுகள் ஞாபகத்துக்கு வரும்; இன்னும் எத்தனை வருடம் இப்படி என்று மலைப்பு வரும்.

நான்காம் நூற்றாண்டுப் பாலைவனத்தை எடுத்துவிட்டு ஓர் ஆபீஸை வையுங்கள். ஜன்னலுக்குப் பதில் கைபேசி. கால் மணிக்கு ஒருதரம் வாட்ஸப். "இந்த மேனேஜர்கிட்ட மனுஷன் வேலை பார்ப்பானா?" மதிய நேரத்தில் வேலைவாய்ப்புத் தளங்களைப் புரட்டுதல். வீட்டில் இருக்கும் அம்மாக்களுக்கும் இது உண்டு. சமையல் முடிந்து, பிள்ளைகள் பள்ளிக்குப் போய், பக்கத்து ஃபிளாட்டில் பேச்சுமொழி புரியாத அந்த மத்தியான வேளை. பிள்ளைகளுக்கும் உண்டு, அவர்கள் அதைப் "போரடிக்குது" என்கிறார்கள்.

இதைச் சோம்பல் என்று சொன்னால் நோயைத் தவறாகப் பிடித்ததாகிவிடும். சோம்பேறி சும்மா கிடப்பான். சலிப்புப் பிடித்தவரோ பரபரப்பாக இருப்பார். பத்து வேலை தொடுவார், ஒன்றும் முடியாது. 'சோம்பேறி' என்று பிள்ளையைத் திட்டுகிற பெற்றோர் இந்த வேற்றுமையை ஒருதரம் யோசிக்கலாம்.

ஊர் நினைப்பு

துயரம் பற்றி எவாக்ரியுஸ் எழுதியது ஊர்விட்டு வந்தவர்களுக்கென்றே எழுதியதுபோல இருக்கிறது. சில எண்ணங்கள் முதலில் வந்து வீட்டையும் பெற்றோரையும் பழைய வாழ்க்கையையும் நினைவூட்டும் என்கிறார். மனம் எதிர்க்காமல் இனிமையாகக் கூடவே போகும். நன்றாகப் போனபின், அதெல்லாம் இப்போது இல்லை, இனி வராது என்று காட்டி அப்படியே துயரத்தில் தள்ளிவிடும். அதாவது துயரம் சோக முகத்தோடு வருவதில்லை. முதலில் இனிப்பாக வருகிறது.

காசியனும் இதற்குத் தப்பவில்லை. அவர் எழுதிய 24 உரையாடல்களில் கடைசி உரையாடல், தானும் தன் நண்பரும் சொந்த ஊருக்கும் உறவுகளிடமும் திரும்பிப் போய்விடலாமா என்று தவித்ததில்தான் தொடங்குகிறது.

ஊரை நினைக்கக்கூடாது என்பது நமக்குப் பாடமாகாது. நாம் துறவிகள் இல்லை. ஊரில் அப்பா அம்மா இருக்கிறார்கள், குலதெய்வம் இருக்கிறது, திருவிழா இருக்கிறது. எந்த நினைப்பு நம்மை ஏதாவது செய்ய வைக்கிறது, எந்த நினைப்பு நம்மை முடக்குகிறது என்று பிரித்துப் பார்ப்பதே பாடம். அம்மா ஞாபகம் வந்தால் உடனே போன் செய்து நாலு வார்த்தை பேசினால் அது அன்பு. அதே ஞாபகத்தில், "இந்த ஊரும் ஓர் ஊரா" என்று மனைவி மக்களிடம் எரிந்து விழுந்தால், அங்கேயும் இல்லை இங்கேயும் இல்லை என்று ஆகிவிடும். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு இதுதானே ஊர்? அப்பா வாயிலிருந்து தினமும் அதற்கு வசவு கேட்டால் அந்தப் பிள்ளை எங்கே வேர் விடும்?

அதற்காக இடம் மாறவே கூடாது என்பதும் இல்லை. எவாக்ரியுஸே ஊர் மாறியவர்தான். சலிப்பு உச்சத்தில் இருக்கும்போது முடிவெடுக்காதே, அந்த நேரத்தில் அறையை விட்டு ஓடாதே என்பதுதான் அவர் சொன்னது. ராஜினாமாக் கடிதமோ, ஊருக்குத் திரும்பும் முடிவோ, மனம் தெளிந்த ஒரு காலைப்பொழுதிலும் அதே முடிவாக நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நின்றால் தாராளமாகச் செய்யலாம்.

பணம், கோபம், வெங்காயம்

மற்ற எண்ணங்களில் மூன்றைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

பணத்தாசை என்றவுடன் நமக்குப் பேராசைக்காரன் முகம் ஞாபகம் வரும். எவாக்ரியுஸ் காட்டும் முகம் வேறு. நீண்ட முதுமை வரும், அப்போது கை உழைக்காது; பஞ்சம் வரும், நோய் வரும்; பிறரிடம் கையேந்தும் அவமானம் வரும். இவைதான் பணத்தாசை காதில் ஓதும் சொற்கள் என்கிறார். அதன் உள்ளே இருப்பது பயம். முதுமைக்குச் சேமிப்பது அவசியம், அதில் தப்பில்லை. ஆனால் எவ்வளவு சேர்ந்தாலும் போதாது என்று தோன்றினால், பயத்துக்குத்தான் மருந்து தேட வேண்டும். பணம் அதற்கு மருந்தாகாது.

கோபத்தின் வேலை, நோகடித்தவரின் முகத்தை மனதில் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்துவது. ஜெபத்திலும் அந்த முகம், தூக்கத்திலும் அந்த முகம். சூரியன் மறைவதற்குள் கோபத்தைத் தீர்த்துக்கொள்ளும்படி பவுல் அடிகளார் எபேசியருக்கு எழுதிய கடிதத்தின் நான்காம் அதிகாரத்தில் சொல்லியிருப்பதும் இதனால்தான். எவாக்ரியுஸ் தரும் வழி ரொம்ப நடைமுறையானது: மனக்கசப்பு உள்ளவருக்கு ஏதாவது பரிசு கொடு; கொடுக்க வசதியில்லையா, சாப்பிடக் கூப்பிடு. இரண்டு குடும்பத்துக்குள் மனஸ்தாபம் என்றால் ஒருவேளைச் சாப்பாடு செய்யும் வேலையை நூறு விளக்கம் செய்யாது.

வீண்பெருமையை, உரிக்க உரிக்கத் தோல் வரும் வெங்காயத்துக்கு ஒப்பிட்டார்கள் பெரியவர்கள் என்று காசியன் எழுதுகிறார். நல்ல உடை உடுத்தினால் அதில் பெருமை. எளிய உடை உடுத்தினால், நான் எவ்வளவு எளிமை என்று அதில் பெருமை. படம் போட்டு எத்தனை பேர் விரும்பினார்கள் என்று எண்ணுவது ஒரு தோல். "நான் அதிலெல்லாம் இல்லைப்பா" என்று சொல்லிக்கொள்வது அடுத்த தோல். மேடையும் பொன்னாடையும் உள்ள நம் சங்க விழாக்களில் இந்த வெங்காயம் நன்றாக விளையும் என்பதை நாம் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்ளலாம்.

அவர்கள் தந்த மருந்து

முதலாவது, பெயர் வைப்பது. "எனக்கு டென்ஷன்" என்றால் ஒன்றும் விளங்காது. "இது கோபம்", "இது பயம்", "இது மத்தியானச் சலிப்பு" என்று பெயர் சொன்ன மாத்திரத்தில், நாம் வேறு அந்த எண்ணம் வேறு என்று ஓர் இடைவெளி விழும்.

இரண்டாவது, பதில் சொல்வது. ஒவ்வோர் எண்ணத்துக்கும் எதிரே சொல்ல வேத வசனங்களைத் தொகுத்து எவாக்ரியுஸ் ஒரு நூலே செய்தார். எட்டு எண்ணங்களுக்கு எட்டுப் பகுதிகள். அதன் கிரேக்க மூலம் கிடைக்கவில்லை. சுரியானியிலும் அர்மேனியத்திலும் இருக்கிறது. அவரவர் நம்பிக்கைக்கு ஏற்ப ஒரு சங்கீத வசனமோ, குறளோ, திருமுறை வரியோ, குர்ஆன் வசனமோ மனப்பாடமாக இருந்தால் போதும். கோபம் வந்தபின் தேடினால் கிடைக்காது, முன்பே கைவசம் இருக்க வேண்டும்.

மூன்றாவது, அளவான வேலை. அந்தோணியாருக்கே ஒருமுறை தாளாத சலிப்பு வந்தது. அப்போது ஒருவர் உட்கார்ந்து கயிறு திரிப்பதும், எழுந்து ஜெபிப்பதும், மறுபடி உட்கார்ந்து திரிப்பதுமாக இருப்பதைக் கண்டாராம். வந்தவர் தேவதூதர் என்பது மரபு. காசியன் இன்னொரு கதை சொல்கிறார். பவுல் என்ற துறவி, ஊரிலிருந்து ஏழுநாள் பயணத் தொலைவில் இருந்தவர், தினமும் பனையோலை வேலையைத் தவறாமல் செய்வார். கொண்டுபோய் விற்கும் செலவு விலையைவிட அதிகம். ஆகவே வருடக் கடைசியில் குகை நிறைந்ததும் எல்லாவற்றையும் எரித்துவிட்டுத் திரும்பத் தொடங்குவார். வேலை அவருக்கு வருமானம் தரவில்லை, மனதைக் காத்தது. நமக்கும் கையால் செய்யும் ஒரு வேலை வேண்டும். தொட்டிச்செடி, தையல், பூக்கட்டுதல், எதுவானாலும் சரி. 'இதை முடித்துவிட்டுத்தான் கைபேசி' என்ற ஓர் எல்லையும் வேண்டும்.

நான்காவது, பெரியவரிடம் மனதைத் திறப்பது. பொந்துக்குள் இருக்கும் பாம்பு வெளிச்சத்துக்கு வந்தால் ஓடிவிடுவதுபோல, வாய்விட்டுச் சொன்ன எண்ணம் வலுவிழக்கும் என்பது அவர்கள் அனுபவம். நம்முடைய பெரிய குறை இங்கேதான். ஊரில் இருந்தால் ஒரு சித்தப்பா, ஓர் அத்தை, திண்ணையில் ஒரு தாத்தா இருப்பார். இங்கே இரண்டு அறை ஃபிளாட்டில் புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள், அவ்வளவுதான். யாரிடம் சொல்வது? கேட்டதை வெளியே விடாத மூத்தவர்கள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டுபிடித்துப் பழகிவைப்பது நல்லது. எகிப்தின் ஸ்கேத்தி வனத்தில் மோசே என்ற துறவி இருந்தார். தவறு செய்த ஒரு சகோதரனை விசாரிக்கக் கூட்டம் போட்டு அவரைக் கூப்பிட்டபோது, ஒழுகும் தண்ணீர்க் குடத்தைச் சுமந்து வந்தாராம். என் குற்றங்கள் எனக்குப் பின்னால் இப்படி ஒழுகிக்கொண்டிருக்க, நான் இன்னொருவனை எப்படித் தீர்ப்பிடுவது என்று கேட்டாராம். அப்படிப்பட்டவரிடம்தானே மனதைத் திறக்க முடியும்?

எல்லை தெரிந்து கொள்வோம்

இந்தப் போதனையை இடம் தெரியாமல் பயன்படுத்தினால் கெடுதலும் வரும். வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் அது மனநோயாக இருக்கலாம். அதற்கு மருத்துவரிடம் போக வேண்டும். "ஜெபம் பண்ணு, சரியாப் போயிடும்" என்று சொல்லித் தடுப்பது பாவம். அதேபோல, வேலையிடத்தில் அநியாயம் நடந்தாலோ வீட்டில் அடி உதை விழுந்தாலோ, "அறையை விட்டு ஓடாதே" என்ற அறிவுரை அதற்குப் பொருந்தாது. அது எண்ணத்தோடு போராடுகிறவருக்குச் சொன்னது; கொடுமைக்கு ஆளானவருக்குச் சொன்னதல்ல.

வனத்துப் பெரியவர்களுக்கும் இது தெரிந்தே இருந்தது. எல்லா நற்குணங்களுக்கும் தாய் பகுத்தறிந்து நடப்பது என்று காசியன் எழுதிவைத்தார். நாளைக்கே இறக்கப் போகிறவன்போல மனதைத் தயாராக வை, பல காலம் வாழப் போகிறவன்போல உடம்பைப் பேணு என்பது எவாக்ரியுஸ் தன் ஆசானிடம் கேட்டுக்கொண்ட பாடம்.

ஒரு வாரம் முயன்று பார்க்கலாம். ஒரு சின்ன நோட்டில், எந்த நேரத்தில் எந்த எண்ணம் வந்தது, அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று இரண்டு வரி. யாருக்கும் காட்ட வேண்டாம். வாரக் கடைசியில் எடுத்துப் படித்தால், தினமும் அதே நேரத்தில், அதே வாசலில், அதே ஆள்தான் வந்து நிற்கிறார் என்பது தெரியவரும். தெரிந்துகொண்டபின் கதவைத் திறப்பதா வேண்டாமா என்பது நம் விருப்பம்.